உடுமலையில் நிற்காத வண்டி

1

எனக்குக் குண்டி வலிக்கிறது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. (பத்திரிகையில் இதை 'இடுப்பு' என்று மாற்றுவார்கள். மாற்றட்டும். ஆனால் இடுப்பு வலி வேறு. அது கூடை சுமந்தவர்களுக்கு வருவது. என் அம்மாவுக்கு இருந்தது.)

போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கஞ்சிக்கோட்டிலிருந்து மூணாறுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தேன். புறப்படுகிற இடமும் கேரளம், போய்ச் சேருகிற இடமும் கேரளம். நடுவில் ரோடு பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு செக்போஸ்டில் மறுபடி கேரளத்துக்குள் ஏறுகிறது. உடுமலை வரை நாம் உட்கார்ந்திருப்பதாக ஒரு நினைப்பு இருக்கும். மறையூர் ஏறும்போது உட்கார்ந்திருப்பது நாம் இல்லை, இரண்டு எலும்புகள். கல்யாணப் பந்தியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பரிமாறுகிற ஆள் என்று நினைத்து ரசம் கேட்டார்கள்.

இப்போதும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். காகிதம் ஜன்னல் கட்டையில் இருக்கிறது. ஒரு பத்தி எழுதுகிறேன், அறைக்குள் ஒரு சுற்று நடக்கிறேன், திரும்பி வருகிறேன். வாக்கியங்கள் ஓர் இடத்தில் நிற்காமல் அலைந்தால் காரணம் இதுதான்.

2

வண்டியை எனக்கு விற்றவர் குப்பண்ணன். எருத்தேன்பதியில் கடலைக்காடும் கரும்பும் வைத்திருப்பவர். நான் வாடகைக்கு இருக்கும் அறையும் அவருடையது. சீட்டைப் பற்றி அவரிடம் முறையிட்டேன். பழைய மாடல். அடியில் இரண்டு ஸ்பிரிங், மேலே காய்ந்த தோல், நடுவில் ஒன்றுமில்லை.

"தம்பி, வண்டி மேல குத்தஞ் சொல்லாதீங்க. இத்தன வருசம் நான் அதுல உக்கோந்திருக்கறனுங்க, எனக்கொண்ணும் ஆகலீங்களே. உங்குளுக்கு அங்க சதை பத்துலீங்க, அவ்வளவுதானுங்."

"அண்ணே, நீங்க இதுல எது வரைக்கும் போயிருக்கீங்க?"

"இங்க, நம்ம பாலக்காட்டுச் சித்தூரு வரைக்குமுங்க."

"அதுக்கு அங்கிட்டு?"

"அதுக்கு அக்கட்ட மனுசனுக்கு என்னங்க வேலை?"

அன்றுதான் எழுத ஆரம்பித்தேன். நம் கதைகளில் நாயகர்களுக்கு நெஞ்சு வலிக்கும், தலை சுற்றும், கண் கலங்கும். வண்டி ஓட்டுகிறவனுக்கு எங்கே வலிக்கும் என்று யாரும் எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

3

முதல் தொடக்கம்: "மேற்கு மலைகளில் மேகம் தவழ்ந்த ஒரு மாலையில் சுருளிவேல் தன் இரும்புக் குதிரையை —"

அடித்துவிட்டேன். குதிரையாக இருந்தால் உட்காருகிற இடத்திலாவது சதை இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "பிரிவு என்பது —"

இதற்கு மேல் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

மூன்றாவது: "சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சுருளிவேல் சீட்டின் மேல் ஒரு தலையணையை வைத்துக் கயிற்றால் கட்டினான்."

இது நிற்கும்.

சுருளிவேல் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். (நானும் ஃபிட்டர்தான். ஆனால் சுருளிவேல் நான் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.) அவன் மனைவி மாரித்தாய் மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறாள். லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று) அவள் வேலைக்காகக் கொடுத்தது. வேலையை விட்டால் வீடும் போய்விடும். அவள் கீழே வர முடியாது, இவனுக்கு மேலே வேலை இல்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, இவன் வண்டி ஏறுகிறான்.

தலையணையில் இருந்தது இலவம்பஞ்சு. பொள்ளாச்சி போவதற்குள் அப்பளமாகிவிட்டது. அடுத்த முறை ஒரு ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று அடித்து வைத்தான். கொண்டை ஊசி வளைவில் வண்டி வலப்பக்கம் திரும்ப, டியூப் இவனை இடப்பக்கப் பள்ளத்துக்கு அனுப்பப் பார்த்தது. பொள்ளாச்சியில் தேங்காய் நார் சும்மா கிடைத்தது. சாக்கில் அடைத்துத் தைத்தான். நார் சாக்கைத் துளைத்து, பேண்டைத் துளைத்து — (மீதியை விட்டுவிடுகிறேன்). மெட்ராஸில் ஃபோம் என்று ஒன்று வந்திருப்பதாகத் தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். யாரும் பார்த்ததில்லை.

வலி பொறுக்காமல் ஒவ்வொரு முறையும் உடுமலை பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துவான். கால் விறைப்புப் போகக் கடைவீதியில் நொண்டி நொண்டி நடப்பான். கடைவீதியில் நடக்கிறவன் கடையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு முறை காராசேவு வாங்கினான். ஒரு முறை ரிப்பன். ஒரு முறை எவர்சில்வர் டம்ளர்.

(இந்தப் பத்தியைச் சும்மா, இட நிரப்பலாக எழுதினேன். பின்னால் இது என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரியாது.)

4

மார்ச் மாதம். லயத்து வாசலில் சுருளிவேல் குப்புறப் படுத்திருக்கிறான்.

"யோவ், இது புருசன் வந்த மாதிரியா இருக்கு? ஆஸ்பத்திரியில இருந்து தூக்கியாந்து போட்ட மாதிரில்ல இருக்கு."

"சிரிக்காத புள்ள. நீ ஒருக்கா அதுல ஒக்காந்து வந்து பாரு, தெரியும்."

"எனக்கென்னத்துக்கு? விடிஞ்சதுல இருந்து நிக்கிற பொழப்பு என்னுது. குண்டி வலின்னா எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு எழுந்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய கம்பளியை* எடுத்தாள். நாலாக மடித்து அவன் முன்னால் போட்டாள்.

"இதுல ஒக்காரு."

உட்கார்ந்தான். அவன் முகம் எப்படி மாறியது என்று ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாம் சினிமா. அவன் "ஆங்" என்றான். அவ்வளவுதான்.

"அப்பக் கொண்டு போ."

"ஒனக்கு?"

"இப்ப மழையா பேயுது? மழைக்கு இன்னும் நாள் கெடக்கு."

"அடுத்த வாட்டி வரும்போது உடுமலையில வாங்கியாரேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புலயே கம்பளிக் கட இருக்கு."

"கறுப்பா வாங்கு. செவப்பு வேணாம். செத்த நேரம் ஒக்காந்தாலும் கங்காணி தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிருவான்."

கஞ்சிக்கோட்டில் லாரி சீட் தைக்கும் கருப்புசாமி, அந்தக் கம்பளியைச் சீட்டின் அளவுக்குக் கத்தரித்து, அடுக்கி, மேலே ரெக்சின் போட்டுத் தைத்துக் கொடுத்தார்.

(* நான் வளர்ந்த எஸ்டேட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பளி கொடுப்பார்கள். விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். கொழுந்து கிள்ள இரண்டு கையும் வேண்டும், குடை பிடிக்க முடியாது. தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் மழைக்கு அதுதான் குடை. ராத்திரியில் அதுதான் போர்வை. நனைந்தால் ஆட்டு நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்துக்குள் படுத்துத்தான் நான் வளர்ந்தேன். தொலைத்தவர்கள் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். மாரித்தாய்க்கு அது போன வருடம்தான் கிடைத்தது.)

5

கதை இங்கே முடிந்திருக்கலாம். சீட்டைத் தேடினான், கிடைத்தது, சுபம். ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. வலியில்லாமல் ஒருவன் மலை ஏறுவதை ஒரு முறை எழுதிப் பார்க்கலாமே என்று அவனை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

பொள்ளாச்சி போனது. உடுமலை வந்தது. வண்டி நிற்கவில்லை.

நான் திட்டம் போட்டு எழுதியது இல்லை இது. அவன் ஏன் நிற்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன், காரணம் கிடைக்கவில்லை. இதுவரை அவனை இறக்கிவிட்டது வலிதான். இப்போது வலி வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் சீராக ஓடுகிறது. யானை நடமாட்டம் என்று சின்னாறு கேட்டை இருட்டுவதற்குள் அடைத்துவிடுவார்கள். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான். திரும்பும்போது வாங்கி என்ன செய்வது? வேண்டியவள் மேலே இருக்கிறாள்.

"ஆத்தாடி, வெளிச்சத்தோட வந்துட்டியே! நொண்டலயும் காணோம்?"

"சீட்டு அப்பிடி. நீ குடுத்ததுல்ல!"

அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு வண்டியின் கேரியரைப் பார்த்தாள்.

"கட பூட்டிக் கெடந்துச்சோ?"

"இல்ல புள்ள... மறந்துட்டேன். அடுத்த வாட்டி."

"சரி, வா. சாப்பிடு."

அன்று அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கு அடுத்த முறையும்.

6

'ஜூன்' என்று எழுதினேன். எழுதினால் மழை பெய்யத்தானே வேண்டும்? பெய்தது.

"விடியலில் மாரித்தாய் கூடையை எடுத்துக்கொண்டு, ஆணியை நோக்கிக் கை நீட்டி —"

என் கை நின்றுவிட்டது. ஆணியில் ஒன்றும் இல்லை. நான்தான் நாலாம் பகுதியில் எடுத்தேன். 'இதுல ஒக்காரு' என்ற வசனம் நன்றாக விழுந்துவிட்டதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. மழையை யோசிக்கவில்லை. எஸ்டேட்டில் பிறந்தவன், மழையை யோசிக்கவில்லை.

அவள் ஓர் உரச் சாக்கை மூலையோடு மூலை சேர்த்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளுகிறவள் சந்தனம். சும்மா இருப்பாளா?

"ஏ மாரி, என்னடி இது? ஒம் புருசன் குண்டிக்குக் கம்பளி, ஒந் தலைக்குச் சாக்கா?"

நிரை முழுக்கச் சிரித்தது. மாரித்தாயும் சிரித்தாள்.

"அவன் குண்டிக்கு இருக்குற யோகம் ஒம் புருசன் மூஞ்சிக்கே கெடையாதுடி, போடி!"

இன்னும் பெரிய சிரிப்பு. சாக்கு தோளில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும்போது சாக்கை யார் பிடிப்பது? மத்தியானத்துக்குள் முதுகு முழுக்க நனைந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருமினாள். சாயங்காலம் இருமல் நிற்கவில்லை. இறங்கும்போது சந்தனம் தன் கம்பளியில் பாதியை அவள் மேல் இழுத்துப் போட்டாள்.

"வாயத் தொறந்து கேட்டுத் தொலையேன்டி."

"குடுத்ததத் திருப்பிக் கேக்க நான் என்ன வட்டிக்காரியா? நட."

7

முடிவு அ: அடுத்த சனிக்கிழமை. அவன் தூங்கும்போது மாரித்தாய் அரிவாள்மனையை எடுத்துவந்து சீட்டைக் கிழிக்கிறாள். அரைப் பக்கம் வெறியோடு எழுதினேன். ரெக்சின் கிழிகிற சத்தம்கூட நன்றாக வந்திருந்தது. பிறகு உள்ளே பார்த்தேன். கருப்புசாமி கத்தரித்த துண்டுகள். ஓர் ஆள் உட்காரும் அளவு. அதை எடுத்து எந்தத் தலையில் போடுவது? அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: உடுமலை பஸ் ஸ்டாண்டில், கம்பளிக் கடைக்கு நேர் எதிரே, ரோட்டில் ஓர் ஆணியைப் போட்டேன். பஞ்சர். சுருளிவேல் இறங்கினான். கடையைப் பார்த்தானா? பார்த்தான். பஞ்சர் ஒட்ட நேரமாகிவிட்டது. "கேட்ட அடைச்சிருவான்" என்று வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். என் ஆணியால் வண்டியைத்தான் நிறுத்த முடிந்தது.

இந்த இரண்டையும் குப்பண்ணனிடம் படித்துக் காட்டினேன். நான் நிற்க, அவர் என் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"ஏனுங் தம்பி, கதைதானுங்களே! ஒரு கம்பளி எழுதிப்போட்டா என்னுங்க, மையி தீந்து போயிருமாக்கு?"

"எழுதலாம்ணே. யாரு கொண்டாந்து குடுத்தான்னு எழுத? எஸ்டேட்டுல குடுக்க இன்னும் ஒரு வருசம் இருக்கு. புருசன் நிக்க மாட்டேங்கான்."

"அப்ப அந்தப் புள்ள நனைஞ்சுட்டே இருக்கோணுமுங்களா? நீங்க பாட்டுக்கு ஊட்டுக்குள்ள ஜன்னலோரம் நின்னுட்டு எழுதறீங்க. அங்க மழைங்க."

அவர் எழுந்து வாசல் வரை போனார். திரும்பினார்.

"எங்கூட்டுல பொட்டில ஒரு கம்பளி சும்மா கெடக்குதுங்க. கறுப்புத்தான். அனுப்பறதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க."

கேலி பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

8

இந்தப் பகுதியை உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத ஆரம்பித்துப் பாதியில்தான் கவனித்தேன், உட்கார்ந்திருக்கிறேன் என்று. வலி போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. போனது எனக்குப் பிடிக்கவில்லை. வலி இருந்தவரை இந்தக் காகிதத்தை விட்டு நகர முடியவில்லை. இனி இதை மடித்து வைத்துவிட்டு, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் போய்விடுவேன்.

அதனால் இப்போதே உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை. சுருளிவேல் பொள்ளாச்சி தாண்டிவிட்டான். ரோடு காய்ந்திருக்கிறது, மலைப்பக்கம் மட்டும் கறுத்திருக்கிறது. சீட்டு சுகமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது, எதிரே கடை திறந்திருக்கிறது. நான் ஆணி எதுவும் போடவில்லை. அவனை இறக்குவதோ விடுவதோ உங்கள் பாடு. இறக்கினால், அவன் கால் தானாகத் தரையில் ஊன்ற வேண்டும். தள்ளிவிடாதீர்கள்.

நீங்கள் என்ன செய்தாலும் ஒன்று என் தலையில்தான் இருக்கிறது. மாரித்தாய்க்கு ஒரு கறுப்புக் கம்பளி தரவேண்டும். கொண்டுபோனவன் சுருளிவேல், ஆணியிலிருந்து எடுக்க வைத்தவன் நான். இன்னும் தரவில்லை.