கைப்பக்கம்

செபாஸ்தியம்மாள் டீச்சர் வீட்டு அடுப்படியில் கடப்பைக் கல்லை நாலு பேர் தூக்கிச் செங்கல் கட்டின் மேல் வைத்தபோது அது சுவரோடு ஒட்டவில்லை. இடது பக்கம் கல் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. வலது பக்கம் நாலு விரல் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி. தள்ளிப் பார்த்தேன். நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துக் கல்மேல் வைத்துக் குனிந்து பார்த்தேன். ரசமட்டத்துக்கும் அந்த இடைவெளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அத்தனை பேர் பார்க்கும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று எடுத்ததுதான்.

அது அறுபத்து மூன்றாம் வருஷம். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அந்தத் தெருவில் நின்றுகொண்டே சமைக்கிற மேடை அதுவரை யார் வீட்டிலும் இல்லை. டீச்சருக்கு முழங்கால் மடங்கவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். அதற்காகத்தான் மேடை. கல் கூட்ஸ் வண்டியில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் படுத்து வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. கல்லை ஏற்றுகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு இன்னாசியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். நன்றாக அமைந்தால் தங்கள் வீட்டிலும் போடுவதாகப் பேச்சு. எனக்கு அதுதான் முதல் கல். அதுவரை சுவர் கட்டுகிற, பூசுகிற கொத்தனார்தான் நான். ஆனால் டீச்சரிடம் பத்து வீட்டில் போட்டவன் மாதிரி பேசியிருந்தேன்.

அந்த வீட்டுச் சுவர் பழைய மண் கட்டு. இடது பக்கம் வயிறு தள்ளியிருந்தது. கல்லை நேராக வெட்டினால் ஒட்டாது என்று முதல் நாளே தெரியும். அதனால் பேப்பர்களைப் பசை போட்டு ஒட்டி, மேடை அகலத்துக்குப் பெரிய தாளாக்கி, செங்கல் கட்டின் மேல் விரித்துச் சுவரோரமாக அழுத்திக் கிழித்தேன். சுவர் எப்படி வளைகிறதோ தாளும் அப்படியே வளைந்தது. மறுமுனையைப் பிடித்தவள் என் சித்தாள் மூக்காயி. ஆறு வருஷமாக என்னோடு வேலை செய்கிறவள். தாள் தயாரானதும் அவள் சுண்ணாம்புக் கலயத்தில் கையை முக்கி, தாளின் மேல்பக்கத்தில் ஐந்து விரலும் பதிய ஒரு அப்பு அப்பினாள்.

"செவத்துக்கு வெள்ளையடிச்சது பத்தாதுன்னு பேப்பருக்கும் அடிக்கிறியா?" என்று கேலி செய்தேன்.

"எது மேப்பக்கம்னு தெரியணும்லண்ணே" என்றாள்.

கல்லைப் பின்பக்கமாகத்தான் வெட்ட வேண்டும். வழவழப்பான பக்கத்தில் உளி பட்டால் தெறித்துவிடும். கொல்லையில் மணலைப் பரப்பிக் கல்லைக் குப்புறப் போட்டிருந்தோம். டீச்சர் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தார். நான் தாளை எடுத்து வந்து கல்மேல் விரித்துக் கரிக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தேன். மூக்காயி கலவைச் சட்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, கைப்பக்கம் மேல தெரியுது. கல்லு குப்புறக் கெடக்கு. தாளும் குப்புறத்தான கெடக்கணும்?"

அவள் சொன்னதை நான் யோசிக்கக்கூட இல்லை. கல் வேலையில் சித்தாள் வந்து சொல்கிறாளே என்பதுதான் மண்டையில் ஏறியது. "போயிக் கலவையப் பாரு, கல்லு எனக்குத் தெரியும்" என்றேன். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் வெட்டினேன். உளிச்சத்தம் அன்றைக்கு எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

அதனால்தான் இடது பக்கம் வர வேண்டிய வளைவு வலது பக்கம் வந்து நின்றது. ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

"என்ன கொத்தனாரே, ஒட்டலையே?" என்றார் டீச்சர்.

வாசலில் நாலு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் சாந்துச் சட்டியோடு மூக்காயி.

"மூக்காயி தாளைத் திருப்பிப் போட்டுட்டா டீச்சர். நானும் கவனிக்காம விட்டுட்டேன்."

யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. 'நானும் கவனிக்காம விட்டுட்டேன்' என்பதைச் சேர்த்ததில் பாதிப் பழியை நான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டது போலக்கூட இருந்தது. இன்னாசியம்மாள், "அதான பாத்தேன்" என்றாள். டீச்சர் மூக்காயியைத் திட்டவில்லை. "இனிமே அந்தப் பிள்ளையக் கல்லுப் பக்கம் விடாதீங்க" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். மூக்காயி என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, இடைவெளியில் வைத்து அடைக்க உடைந்த சில்லுகளைப் பொறுக்கப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் கை நீட்டுகிற இடத்தில் கேட்காமலே சாந்து வந்தது. சுவரின் வயிற்றைக் கொஞ்சம் கொத்தி, இந்தப் பக்கம் சில்லு வைத்து, சிமெண்டில் கரி கலந்து பூசி ஒருவழியாக மறைத்தேன். கரியை இடித்துச் சலித்துக் கொடுத்ததும் அவள்தான்.

மறுநாளிலிருந்து அவளைக் கூப்பிடவில்லை. டீச்சர் சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கொத்தனார்கள் காலையில் கூடுகிற தெரு முக்கில் விஷயம் பரவி, அவளைப் பார்த்தாலே 'தாளத் திருப்புனவ' என்று சிரித்தார்கள். யாரும் வேலைக்குக் கூட்டிப் போகவில்லை. புளி மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் கொட்டை தட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்த முக்கில்தான் டீ குடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.

ரெண்டு மாசம் கழித்து இன்னாசியம்மாள் வீட்டில் வேலை. அந்தச் சுவரும் ஒழுங்கில்லை. தாளைக் கிழித்து முடித்ததும் சுண்ணாம்புக் கலயத்தில் என் கையை முக்கினேன். புதுச் சித்தாள் விநோதமாகப் பார்த்தாள். மேல்பக்கத்தில் அப்பினேன். கல்லுக்குப் போனதும் கைப்பக்கத்தைக் கீழே போட்டு வெட்டினேன். கல்லைத் தூக்கி வைத்தோம். சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை.

இன்னாசியம்மாள் ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். "அம்புட்டு அழகா உக்காந்திருச்சு. அந்தப் பொம்பள இல்லாததாலதான் வேலை ஒழுங்கா நடந்துருக்கு, என்ன கொத்தனாரே?"

டீச்சரும் அங்கேதான் இருந்தார். இந்தத் தடவை யோசிக்க நேரம் இருந்தது. அவர்கள் ரெண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்மா" என்றேன்.

எனக்கு ஊர் சித்தையன்கோட்டை. சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது, கிட்டங்கி விட்டு வந்த பெண்கள் ஆறு பேர் ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மூக்காயி. என்னைப் பார்த்துவிட்டாள். ஒதுங்கிப் போக வழியில்லை. இறங்கி நின்றேன். அவள் கையெல்லாம் புளிக்கறை.

"இன்னாசியம்மா வீட்டுக் கல்லு வச்சாச்சாண்ணே?"

"இன்னைக்குத்தான் வச்சோம்."

"ஒட்டிக்கிச்சா?"

"ம்."

"கைப்பக்கம் பாத்துப் போட்டீங்கள்ல?"

குத்திக் கேட்கிறாளோ என்று குரலில் தேடினேன். அப்படி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஆறு வருஷமாக எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள். நான் கையை இறுக்க மூடிக்கொண்டேன்.

"யாருடி?" என்றாள் கூட வந்த ஒருத்தி.

"நான் வேலை பாத்த கொத்தனாரு."

"நீ தாளத் திருப்பிப் போட்டேன்னியே, அந்த வேலையா?"

மூக்காயி என்னைப் பார்க்காமல், "ஆமா" என்றாள்.

இவர்களிடமும் அவள் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். நான் சைக்கிளைப் பார்த்தேன். கைப்பிடியின் கறுப்பு ரப்பரில் என் விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

"மூக்காயி" என்று கூப்பிட்டேன்.

ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.