சலவை மூட்டைகள்

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதிக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்களை வேனில் ஏற்றிப் போவது பிரிசில்லாவின் வேலை. லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்னால் எந்த வண்டி போனாலும் முந்தாமல் விடமாட்டாள். அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பூஞ்சேரிக்குச் சற்று முன்னால், மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வேன் வழுக்கித் திரும்பி மண்ணில் இறங்கி நின்றது. மாடு தப்பியது. வேனில் வந்த பெண்களில் ஒருத்தியான சரோஜா முன் கம்பியில் மோதியதில் அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

அன்று மாலையே பிரிசில்லா சரோஜாவின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"அழுவாத. கை கூடிடும்," என்றாள் சரோஜா. "ஆனா நீ ஓட்ற வண்டில இனிமே ஏறமாட்டேன். அத்த மட்டும் சொல்லிட்டேன்."

மறுநாள் வேன் முதலாளி ராஜேந்திரன் சாவியைக் கேட்டபோது பிரிசில்லா கொடுக்கவில்லை.

"ஆளுங்கள ஏத்தல ண்ணா. மூட்டையாச்சும் ஏத்திக்கினு போறேன். மழைல பிரேக் எப்டி புடிக்குதுன்னு எனக்குத் தெரில. தெரிஞ்சிக்காம உடமாட்டேன்."

அவர் முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுக்க விடுதியின் போர்வைகளையும் துண்டுகளையும் மூட்டை மூட்டையாகச் சலவைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள். பிரேக் போட்டதும் மூட்டை சரிந்தால் தப்பு தன்னுடையது என்று வைத்துக்கொண்டாள். முதல் வாரங்களில் தினமும் சரிந்தது. பிறகு தூரத்திலேயே சாலையைப் படிக்கப் பழகினாள். நிற்கிற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஆள் வரலாம், வளைவுக்கு அப்பால் ஆடு இருக்கலாம். ஓய்வு நாளில், மனை போட்டு விற்காமல் கிடந்த திடலில், ஈர மண்ணில் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தாள். மூட்டைகள் அசையாமல் வரத் தொடங்கின.

சித்திரையில், அதுவரை பெண்களை ஏற்றிப்போன இன்னொரு டிரைவர் வேலையை விட்டுப் போனார். ராஜேந்திரன் ஆட்களை ஏற்றச் சொன்னார். வேறு வழியில்லாமல் சரோஜாவும் ஏறி, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

வழியில் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் ஒட்டி வந்தது. பிரிசில்லா ஓரங்கட்டி வழிவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். முன் இடது டயர் போய்விட்டது. வேன் இடப்புறம் இழுத்தது. பெண்கள் அலறினார்கள். கால் பிரேக்குக்குப் போனது, மிதிக்காமல் இழுத்துக்கொண்டாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்வரை நேராகவே ஓடவிட்டாள். பிறகு மெல்ல ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்காச்சும் அடி பட்டுச்சா?"

யாருக்கும் இல்லை. கீழே இறங்கி ஜாக்கியை எடுத்தாள். விடுதி சூப்பர்வைசர் போனில் கத்தினார்.

"லேட்டாத்தான் வருவோம் சார். டயர் மாத்திட்டு மெதுவாத்தான் ஓட்டுவேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சரோஜா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நகரு. இந்தக் கைல பலம் வந்துட்சி. நட்டக் கயட்ட நானும் புடிக்கிறேன்."

இருவரும் சேர்ந்து ஸ்பேனரை அழுத்தினார்கள். இறுகிக் கிடந்த நட்டு இளகியது.