பாக்கி இருக்கட்டும்

வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்று தரகர் மறுபடியும் சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது. "பையன் போனது காய்ச்சல்ல. வண்டியில அடிபட்டுப் போகல. நீங்க தைரியமா எடுக்கலாம்" என்றார், என்னவோ அந்தப் பையன் எங்களுக்குத் தோதாகப் பார்த்துச் செத்த மாதிரி. பையனின் அப்பா இரண்டடி தள்ளி நின்று முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். துடைப்பதை அவர் நிறுத்தவில்லை.

என் வீட்டுக்காரர் இத்தனை வருஷமும் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். முதலாளி காரை விற்றுவிட்டு, நீயும் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனுஷன் வீட்டில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிற மிக்ஸியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் வாடகைக்கு ஓட்டியாவது தலைநிமிரலாம் என்று என் கழுத்துச் சங்கிலியை விற்றோம். அந்தப் பணத்துக்குள் அடங்கிய வண்டி இது ஒன்றுதான். அதற்குக் காரணமும் இருந்தது, ஃபைனான்ஸ் பாக்கி முடியவில்லை. பாக்கியை நாங்கள் அடைத்து, மீதியை அந்த அப்பாவிடம் கொடுத்தால்தான் வண்டி எங்கள் பெயருக்கு மாறும்.

ஆண்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். பையனின் அம்மா நாற்காலி நுனியில், மடியில் ஒரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தபோதும் போன் அவர் கையிலேயே இருந்தது. வண்டி பிடித்திருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நான் குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அதுவரை செத்துக் கிடந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"சொல்லும்மா. இருக்கானே, குளிச்சிட்டு இருக்கான்" என்றார். பேசிக்கொண்டே ஹாலை ஒட்டியிருந்த குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளியில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. "தேதியெல்லாம் அவன் மறக்க மாட்டான். வந்ததும் சொல்றேன். நீ சாப்பிட்டியா?"

போனை வைத்ததும் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னிடம் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை. ஃபைனான்ஸ் ஆபீஸில் இருக்கிற பெண்ணாம். மாதம் பிறந்தால் தவணையை ஞாபகப்படுத்தப் பையனின் நம்பருக்குக் கூப்பிடுவாளாம். பணத்தை அப்பா கட்டிவிடுவார். பையன் போய்விட்ட விஷயத்தை அங்கே யாரும் சொல்லவில்லை.

"எல்லாரும் நான் எப்படி இருக்கேன்னு கேக்குறாங்க" என்றார். "அவன் எங்கன்னு அவ ஒருத்திதாம்மா கேக்குறா."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வண்டியை நீங்க எடுத்துட்டுப் போங்க. கடனை மட்டும் முடிக்காதீங்க. பாக்கி இருக்கட்டும். மாசாமாசம் நாங்களே கட்டிடுறோம்."

இல்லாத வண்டிக்கு யாராவது தவணை கட்டுவார்களா? ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. பேர் மாற வேண்டுமென்றால் பாக்கி தீர்ந்தாக வேண்டும் என்று சொன்னேன். அந்த அம்மாவின் கையைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

"அப்ப அவன் இல்லன்னு காகிதம் குடுக்கணுமா?"

"ஆமாம்மா."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வண்டி பார்ப்போமா என்று கேட்டார். சரி என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார், அப்படிப்பட்ட மனுஷன். எடுத்துடலாம் என்று நான்தான் சொன்னேன்.

பணம் கட்டப் போனபோது பையனின் அப்பாவும் வந்தார். அந்த ஆபீஸில் ஒரு சின்னப் பெண்தான் மேஜைக்குப் பின்னால் இருந்தாள். அவர் இறப்புச் சான்றிதழை நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். பெயரைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், மறுபடியும் பெயரைப் பார்த்தாள்.

"சார், போன மாசம் ப்ரமோஷன் வந்திருக்குன்னு அம்மா சொன்னாங்களே" என்றாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார், உடைந்து அழுவார் என்று நினைத்தேன். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்படியா சொன்னா? என்ன ப்ரமோஷன்?"

"மேனேஜர் ஆயிட்டாருன்னு சொன்னாங்க."

அவர் தலையை ஆட்டினார். "வேற என்ன சொன்னா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சொல் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாருக்கு ஒரு தடவை சளி பிடித்திருந்ததாம். புதுச் சட்டை எடுத்தாராம், கலர் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், சார்தான் இப்போதைக்கு வேண்டாம் என்கிறாராம். அப்பா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். சட்டை என்ன கலர் என்று மட்டும் ஒரு தடவை குறுக்கே கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அது ஞாபகமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கை முடித்துக் கொடுத்தாள்.

வண்டி எங்கள் பெயருக்கு வந்தது. வீட்டுக்காரர் தினமும் சவாரிக்குப் போனார். மிக்ஸி பிழைத்துக்கொண்டது. அந்த வீட்டிலிருந்து இரண்டாவது சாவி மட்டும் வரவேண்டியிருந்தது, தேடி எடுத்துத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். மாதம் பிறந்து ஒரு நாள் காலையில், அந்தப் பக்கம் சவாரி இருக்கிறது, வாங்கிவிடலாம், கேள் என்றார் வீட்டுக்காரர். அப்பாவின் போன் அணைந்திருந்தது. வண்டிக் காகிதத்தில் இருந்த இன்னொரு நம்பரைப் போட்டேன். அது யாருடைய போன் என்பது, மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வைப்பதற்குள் பையனின் அம்மா எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா" என்றார். ஓடிவந்த மாதிரி மூச்சு வாங்கியது. "இந்த மாசம் இன்னும் உன் போனைக் காணோமேன்னு பாத்துட்டே இருந்தேன். இருக்கான்மா. குளிச்சிட்டு இருக்கான்."

காரில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், சாவி என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். வண்டி வாங்கினவள் பேசுகிறேன் என்று வாய்வரை வந்தது.

"குளிச்சிட்டு வரட்டும்மா" என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல."

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அந்தப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெறும் வாளியில் விழுந்த தண்ணீர் முதலில் சடசடத்தது, போகப்போகச் சத்தம் அடங்கியது, அப்புறம் வாளி நிறைந்து தரையில் வழிய ஆரம்பித்தது.