லேடீஸ் கை படாத வண்டி

“லேடீஸ் கை படாத வண்டி சார். நாலு வருஷமா நான் ஒருத்தன்தான் ஓட்டறேன்.”

கூடத்திலிருந்து வீட்டுக்காரரின் குரல் கணீரென்று வந்தது. சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் தன் காதையே நம்பவில்லை. வடிகட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவர் அதோடு விட்டாரா? இன்னும் கொஞ்சம் ஜோடித்தார். “வீட்ல அவளுக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே பயம் சார்.”

அடப்பாவி மனுஷா!

பயமாம். யாருக்குப் பயம்? ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வந்த தூரத்தையும், முதல் மாதம் அவர் தட்டுத் தடுமாறி ஓட்டிய கொஞ்சத்தையும் தள்ளிவிட்டால், அந்த மீட்டர் காட்டுகிற தூரம் அத்தனையும் அவள் ஓட்டியது.

வண்டியை ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்தது அவர்தான், அதை இல்லை என்று சொல்லவில்லை. “காரும் இல்லாம ஜீப்பும் இல்லாம நடுவுல ஒண்ணு சார், இதுக்குப் பேரு கிராஸ்ஓவர்” என்று ஷோரூம்காரன் சொன்னதும் மனுஷர் தலைகால் புரியாமல் வாங்கிவிட்டார். உயரமாக உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாமாம். போனார். கீழ்த்தளப் பார்க்கிங்கில் தூணோடு உரசி இரண்டு கதவையும் சேர்த்துப் பெயிண்ட் போக்கினார். அடுத்த வாரம் பெரிய சாலை சிக்னலில் வண்டி நின்றுபோய், பின்னால் இருந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டித் தீர்க்க, வீட்டுக்கு வந்து சாவியை மூலையில் எறிந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “என்னால முடியலம்மா. யார்கிட்டயும் சொல்லிடாத” என்றார்.

அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்கு முதுகு வலி. யார் கேட்டாலும் முதுகு வலி. அவளோ ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தினமும் நாலு முதுகைத் தொட்டுப் பார்க்கிறவள். அவருடைய முதுகு இரும்புத் தூண் மாதிரி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, அந்த மாஸ்டரிடம் ஏச்சும் பேச்சும் வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அதற்கு மேல் அவள் செய்ததுதான் அநியாயம். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு தெரு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டுவாள். இவள் இறங்கி அந்தப் பக்கம், அவர் இறங்கி இந்தப் பக்கம். கடைசித் தெருவை மட்டும் முதல் கியரில் உருட்டிக்கொண்டு போய், சாவியை விரலில் சுழற்றியபடி இறங்குவார். “என் தம்பி ஓட்டினா வண்டி குலுங்கறதே தெரியாது” என்று நாத்தனார் பூரித்துப் போவாள். இவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். கட்டினவர் நாலு பேர் முன்னால் தலைகுனிந்துவிடக் கூடாதே என்ற பாசம். வேறென்ன? அந்தப் பாசத்தை எடுத்துத்தான் இப்போது அவள் தலையிலேயே போட்டார்.

வண்டி வந்த பிறகுதான் அவளுடைய தொழிலே தொழிலாயிற்று. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், இவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு நடந்தா வருவார்கள்? அவள்தான் வீட்டுக்கு வீடு போக வேண்டும். முன்பு மடக்குகிற வாக்கரை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடு என்பான். பஸ் போகாத தெருவில் இருக்கும் நோயாளிகளுக்கு வர முடியாது என்று சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு இரண்டு நாள் மனசு கேட்காது. இப்போது வாக்கர், ரப்பர் பட்டைகள், வலிக்குக் கரண்ட் வைக்கிற பெட்டி, உருட்டுகிற பெரிய பந்து எல்லாம் வண்டியின் பின்பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. முழங்கால் தண்ணீர் நின்ற மழை நாளில் மற்ற கார்கள் மூச்சடைத்து நிற்க, இவள் வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது. அன்று அவள் போய்ச் சேர்ந்த வீட்டில், பக்கவாதத்தில் விழுந்திருந்த வாத்தியார் முதல் தடவையாகத் தானே எழுந்து நின்றார்.

இத்தனையும் இருக்க, கம்பெனி அடுத்த மாதத்திலிருந்து அவருக்கு டிரைவரோடு கார் தருகிறதாம். உடனே இதை விற்றுவிட வேண்டுமாம். “உனக்கும் இனிமே அலைச்சல் இல்ல” என்றார், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி.

“என் பேஷண்ட்டுங்களுக்கு என்னங்க வழி?”

“பஸ்ல போயேன். முன்னாடி போகலையா?”

அப்புறம் பேசலாம் என்று முடித்துவிட்டு, அன்று சாயங்காலமே வண்டியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவர் ஒரு டைல்ஸ் கடைக்காரர், மனைவியோடு.

அவள் டீத் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். “அதான் சார் வேணும். லேடீஸ் ஓட்டின வண்டின்னா கிளட்ச்சைத் தேய்ச்சே தீர்த்திருப்பாங்க” என்று டைல்ஸ் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சோபா நுனியில் உட்கார்ந்து கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆனா வண்டி மேடம் பேர்ல இருக்கே சார்?” என்று டைல்ஸ் கடைக்காரர் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார்.

“அது லோனுக்காக. அவ ஆஸ்பத்திரியில சுலபமா கிடைச்சுது. கையெழுத்து போடுன்னா வந்து போட்டுட்டுப் போயிடுவா.”

அவள் டீத் தட்டை டக்கென்று மேஜைமேல் வைத்தாள்.

“வண்டியில குறை ஏதாவது?”

“ஒரு குறையும் இல்ல சார். கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.”

“பின்னாடி இடது பக்கக் கதவு கடகடன்னு சத்தம் போடும்” என்றாள் அவள்.

வீட்டுக்காரர் கண்ணால் எரித்தார். எரித்தால் எரியட்டும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மூணாவது வருஷத்துலேர்ந்து அப்படித்தான். ரப்பரை மாத்தியும் போகலை. நல்ல வெயில்ல நிறுத்தி எடுத்தா முன்னாடி வழி காட்டற அந்தத் திரை உறைஞ்சு போயிடும், கொஞ்ச நேரம் கழிச்சு தானா வரும். ஏசி மத்தியானத்துல பின் சீட் வரைக்கும் எட்டறதுக்குள்ள வீடே வந்துடும். வலது பக்கம் திரும்பறப்போ கண்ணாடி ஓரத் தூண் மறைக்கும், டூ வீலர் வர்றதே தெரியாது, எட்டிப் பார்த்துத்தான் திரும்பணும். மேல கூரை திறக்குதே, அது படம் பிடிக்கத்தான் ஆகும். மத்தபடி தங்கமான வண்டி. மேடு பள்ளம் தெரியாது. இத்தனை நாள்ல நடுரோட்டுல ஒருதரம் நிக்க வெச்சதில்ல.”

டைல்ஸ் கடைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். “மேடம், இதெல்லாம் உங்களுக்கு எப்படி…”

“நான்தான் ஓட்டறேன். நாலு வருஷமா.”

“என்ன சார் இது?” என்று அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “அப்போ நீங்க ஓட்டறதே இல்லையா?”

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். எத்தனையோ வீட்டு வாசலில் அவளைப் பார்த்த அதே பார்வை. நீயே ஏதாவது சொல்லிச் சமாளி என்கிற பார்வை. அவளும் எப்போதும் சமாளித்துக் கொடுத்தவள்தான்.

“அதை அவர்கிட்டயே கேளுங்க” என்றாள்.

“ஓட்டாம என்ன? வாங்க சார், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்று அவர் எழுந்துவிட்டார். வீம்பு! வேறென்ன சொல்ல?

கீழ்த்தளத்தில் நாலு பேரும் இறங்கினார்கள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தூண். நடுவில் அவள் வண்டி. அவர் ஏறி உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளினார், முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார். சாவியைப் போட்டார். ரிவர்ஸ் எடுத்ததும் சென்சார் கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்தது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி குதித்து, தூணுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. டைல்ஸ் கடைக்காரர் மனைவியை இழுத்துக்கொண்டு நாலடி பின்னால் போனார்.

தூணையும் ஸ்டியரிங்கையும் அவர் மாறி மாறிப் பார்ப்பதை அவள் பார்த்தாள். சீ, பாவம் என்று இருந்தது. இவ்வளவு கோபத்திலும் இருந்தது. ஜன்னலருகே போய், “இறங்குங்க, நான் எடுக்கறேன்” என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அவர் இறங்கினார். இறங்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “ரெண்டு நாளா முதுகு சரியில்ல சார். அவளே எடுக்கட்டும்.”

போச்சு. அந்தப் பாவமும் போச்சு.

அவள் ஏறினாள். டைல்ஸ் கடைக்காரர் முன்னால் உட்கார்ந்தார், அவர் மனைவியும் வீட்டுக்காரரும் பின்னால். ஒரே வளைவில் வண்டி வெளியே வந்து, சரிவில் ஏறி, தெருவைப் பிடித்தது. கடைத்தெரு நெரிசலில் கிளட்ச்சை நோகாமல் விட்டு விட்டு ஊர்ந்தது. பெரிய சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து பாலம் ஏறியது. டைல்ஸ் கடைக்காரர் முதலில் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். பாலத்தின் உச்சியில் விட்டுவிட்டார். அவர் மனைவி முன்பக்கம் சாய்ந்து, அவள் கியர் போடுகிற கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“கிளட்ச் புதுசு மாதிரி இருக்கே மேடம்! இஞ்சின் சத்தமே இல்ல. என்னமா வெச்சிருக்கீங்க!” என்றார் டைல்ஸ் கடைக்காரர்.

பின்னாலிருந்து வீட்டுக்காரர் சொன்னார்: “எல்லாம் நான் கத்துக்குடுத்தது சார்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இண்டிகேட்டர் போட்டாள். பாலம் இறங்கியதும் ஓரமாக ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள்.

“எனக்குப் பிடிச்சுப்போச்சு சார். இனிமே யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, நாளைக்கே வந்து எடுத்துக்கறேன்” என்று டைல்ஸ் கடைக்காரர் பின்பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். வீட்டுக்காரரும் பல்லெல்லாம் தெரிய அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் ஓட்டின ஓட்டத்தை வைத்தே அவள் வண்டியை விற்றுவிட்டார்கள். இரண்டு சீட்டுக்கு நடுவில், அவள் தோளுக்குப் பக்கத்தில், அந்தக் கைகுலுக்கல் நடந்துகொண்டிருந்தது. யாராவது ஒருத்தர் அவள் முகத்தைப் பார்த்தார்களா?

அவள் இஞ்சினை அணைத்தாள்.

“வண்டி குடுக்கறதா இல்லைங்க.”

“என்ன மேடம் இது? சார் பேசி முடிச்சிட்டாரே.”

“அவர் பேசி முடிச்சிட்டாரு. ஓட்டறவ இன்னும் பேசவே இல்லையே.”

“ஏய், என்ன பேச்சு இது, வெளியாள் முன்னாடி” என்று வீட்டுக்காரர் பின்னாலிருந்து அவள் சீட்டைத் தட்டினார். “எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“போகலாமே” என்று அவள் சாவியை உருவி, திரும்பி, அவரிடம் நீட்டினாள். “யார் ஓட்டிட்டுப் போறது?”

பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது. அவர் சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை. டைல்ஸ் கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் தனக்கும் வேண்டும் என்பதுபோல.

“நீதான்” என்றார் அவர், தொண்டைக்குள்ளேயே.

“சத்தமா சொல்லுங்க. முன்னாடி இருக்கறவருக்குக் கேக்கலை.”

“அவதான் சார் ஓட்டறா” என்றார் வீட்டுக்காரர். “நாலு வருஷமா அவதான். எனக்கு… எனக்கு ஓட்ட வராது சார்.”

அவள் சாவியைத் திரும்பப் போட்டாள்.