திவசத்துக்கு முன்னால் வந்த லாரி

மணவாளன் மாமா உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் பெயரில் எழுதியதற்குப் பாசம் காரணமில்லை. நான் சிப்காட்டில் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டுக் கடலூரில் சும்மா இருந்தேன். "பாலகுமாருக்கு வேலவெட்டி இல்ல, அலையட்டும்" என்று வக்கீலிடமே சொல்லியிருக்கிறார்.

சொத்துக்குக் குறைவில்லை. சிதம்பரத்து வீடு ரத்தினம்மாள் அத்தைக்கு. பண்ருட்டிப் பக்கத்துப் பலாத்தோப்பு மகன் தட்சிணாமூர்த்திக்கும் மகள் கனிமொழிக்கும் சரிபாதி. கையில்தான் காசில்லை. இருந்ததை எல்லாம் ஆஸ்பத்திரி தின்றுவிட்டது. போதாததற்குக் கனிமொழியின் நகைகளையும் வாங்கி மாமா அடகு வைத்திருந்தார். அது அவள் புகுந்த வீட்டுக்குத் தெரியாது. தை மாதம் அவளுடைய நாத்தனாருக்குக் கல்யாணம். அதற்குள் ஏல நோட்டீஸ் வந்துவிட்டது.

"மாமா, எங்க மாமியா பீரோவத் தொறக்கச் சொன்னா நான் செத்தேன்" என்றாள் கனிமொழி.

வக்கீலைக் கேட்டேன். "மொதல்ல கடன், அப்பறம்தான் பங்கு. கடன அடைக்க நீங்களே விக்கலாம். வாரிசுங்க கையெழுத்துகூட வேணாம்" என்றார்.

சிதம்பரம் போய்த் தட்சிணாமூர்த்தியிடம் தோப்பில் ஒரு மூலையை விற்கலாம் என்றேன்.

"அப்பா செத்து வருசம் திரும்பல. தலை திவசம் முடியாம பத்திர ஆபீஸ் படி ஏறினா குடும்பம் வெளங்குமா?"

"ஏலம் போடுறவன் திவசம் பாக்க மாட்டான் மச்சான்."

"எங்கப்பா உன் பேர எழுதிட்டாரு. அதுக்காக நீ என்ன கலெக்டரா?"

அத்தையும் மகன் பக்கமே பேசினாள். அதிகாரத்தை வைத்துக்கொண்டு நான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கத் தோன்றும். இறங்கினால் எதற்கு வந்தோம் என்றிருக்கும்.

பிறகு ஒரு வழி தெரிந்தது. பலா பிஞ்சு விடும்போதே பண்ருட்டி வியாபாரிகள் மகசூலைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுவார்கள். பத்திரம் கிடையாது, பேச்சுதான். ராமாமிர்தம் என்ற வியாபாரி மரம் மரமாகச் சுற்றிப் பார்த்து, அடிமரங்களில் சுண்ணாம்பால் குறி போட்டார்.

"காய் எறங்குற வரைக்கும் மரம் உங்க பொறுப்பு தம்பி."

சரி என்றேன். தட்சிணாமூர்த்தி இதைத் தடுக்கவில்லை. மகசூலுக்குத் திவசம் பார்ப்பதில்லை போலிருக்கிறது. அந்தப் பணத்தில் நகையை மீட்டுக் கனிமொழியிடம் கொடுத்தேன்.

டிசம்பர் கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்தது. ரோட்டில் விழுந்த மரங்களை அகற்றி வழி விட்டபின் தோப்புக்குப் போனேன். எல்லா மரமும் வேரோடு சாய்ந்து கிடந்தது. ராமாமிர்தம் எனக்கு முன்பே வந்து ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"பணத்தக் குடுங்க, இல்ல மரத்தக் குடுங்க. பலாக்கட்டைக்கு இன்னிக்கி ஒரு வெல இருக்கு. ஊரு பூரா சாஞ்சு கெடக்கு. எல்லாரும் அறுக்க ஆரம்பிச்சா வெறகு வெலதான். அப்பறம் சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம்."

லாரி கொண்டுவரச் சொன்னேன். எப்படியோ சேதி போய், லாரிக்குப் பின்னாலேயே தட்சிணாமூர்த்தி தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தான். வந்ததும் லாரிக்கு முன்னால் போய் நின்றான்.

"வருசம் திரும்பறதுக்குள்ள அப்பா வச்ச மரத்துல ரம்பம் போடுவியா?"

"நிக்கிற மரத்த அறுத்தாத்தான் பாவம். இது பொணம்."

"திவசம் முடியட்டும்."

"அதுவரைக்கும் கரையான் காத்திருக்குமா? சரி, இவரு பணத்த நீ குடு."

"நான் எதுக்குக் குடுக்கணும்? வாங்கினவன் நீ."

கனிமொழி கழுத்துச் சங்கிலியின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தாள். அது சுலபமாகக் கழலவில்லை.

"இந்தாங்க மாமா, மறுபடி கொண்டுபோய் வச்சிடுங்க. ரெண்டு பேரும் அடிச்சிக்காதீங்க."

தட்சிணாமூர்த்தி அதைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாய்ந்த மரங்களைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் கழற்றி முடிக்கக் காத்திருந்தான். இத்தனை நாள் இவனுடைய சம்மதத்துக்காகவா பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன் என்றிருந்தது.

"போட்டுக்க கனி" என்றேன். அவனிடம் திரும்பினேன். "எனக்கு உன் கையெழுத்து வேணாம் மச்சான். கோர்ட்டுக்குப் போறதுன்னா போ."

டிரைவரைப் பார்த்து, "ஏத்துப்பா" என்றேன்.

முதல் கட்டையை அறுத்து லாரிச் சங்கிலி கட்டும்வரை தட்சிணாமூர்த்தி நின்றான். பிறகு நகர்ந்தான்.

ராமாமிர்தம் நல்ல கட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு கணக்கு முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார். மிச்சம் கொப்பும் கிளையும் வெறும் மண்ணும். அந்த மண்ணை அளந்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். தட்சிணாமூர்த்தி என்னோடு பேசுவதில்லை. சர்வேயரிடம் பேசட்டும்.