பதினொரு மாத வாடகைக்காரர்

என் அண்ணன் முருகையனை வீட்டை விட்டு அனுப்ப எனக்கு இரண்டு வருஷமும் ஒரு இருபது ரூபாய் பத்திரமும் தேவைப்பட்டன. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

வீடு மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. மனை என் பெயரில். வங்கிக் கடன் என் பெயரில். மாதத் தவணை என் சம்பளத்தில். ஆனால் கட்டும்போது நான் திண்டிவனத்தில் புருஷன் வீட்டில் இருந்தேன். கொத்தனாரை விரட்டியது, லாரி மணலுக்குப் பேரம் பேசியது, கிரகப்பிரவேசத்தன்று பட்டு வேட்டியோடு எல்லோரையும் வரவேற்றது எல்லாம் அண்ணன்தான். நான் வரும்வரை இருக்கட்டும் என்று அவன் குடும்பத்தையே குடிவைத்தேன். அன்றிலிருந்து ஊருக்கு அது முருகையன் வீடு.

2004இல் என் புருஷன் இறந்துபோனார். மகள் தமிழ்நிலாவோடும் இரண்டு பெட்டிகளோடும் வந்து நின்றேன். அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"உன்ன கட்டிக் குடுத்து அனுப்பியாச்சு. இங்க உனக்கு என்ன இருக்குது? வெயில்ல நின்னு கட்டினவன் நானு" என்றான்.

ஊர்த் தலைவர் தட்சணாமூர்த்தியிடம் போனேன். "பத்திரம் யார் பேர்ல வேணா இருக்கும்மா. உன் அண்ணன் தன் பணத்தப் போட்டு உன் பேர்ல வாங்கினேங்கறான். நின்னு கட்டினவன் அவன்தானே" என்றார். வக்கீலிடம் போனேன். அண்ணன் இதையே கோர்ட்டிலும் சொல்வான், கேஸ் எட்டுப் பத்து வருஷம் இழுக்கும் என்றார். "வீடு உங்களோடதுன்னு அவரே எழுதின ஒரு துண்டுச் சீட்டு இருந்தா கொண்டாங்க, சீக்கிரம் முடிச்சுடலாம்."

அப்படி ஒரு சீட்டு என்னிடம் இல்லை. மகளோடு ஒற்றை அறையில் வாடகைக்குப் போனேன். தவணையை மட்டும் ஒரு மாதம் தவறாமல் கட்டினேன். நான் கடன் கட்டுகிற வீட்டில் அவன் ஃபேன் போட்டுத் தூங்குகிறான் என்று நினைத்தாலே வயிறு எரியும்.

2006 பிப்ரவரியில் என் ஆபீஸுக்கே வந்தான், கையில் அரைக் கிலோ ஜாங்கிரியோடு. நான் சம்பளப் பட்டியல் போடும் கிளார்க். பிப்ரவரி வந்தால் ஊரில் பாதி சம்பளக்காரர்களுக்கு என் ஞாபகம் வந்துவிடும். வருமான வரிப் படிவத்தை நான்தான் நிரப்பித் தர வேண்டும்.

அண்ணன் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வரி பத்தாயிரத்துக்கு மேல் பிடிக்கப் போகிறார்களாம். வீட்டுக்கடன் வட்டியைக் கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். வீடும் கடனும் யார் பெயரில் இருக்கிறதோ, கட்டுவதும் யாரோ, அவருக்குத்தான் வட்டிக் கழிவு என்று கணக்குப் பிரிவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்கிறவன் ஒருவன் வேறு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"தங்கச்சி வீட்ல வாடகைக்கு இருக்கறேன்னு காட்டுனா, சம்பளத்துல வர்ற வாடகைப் படிக்கு வரி கிடையாதாம். போன ஏப்ரல்லேர்ந்து ரசீது மட்டும் போட்டுக் குடு பொன்னி. எல்லாரும் பண்றதுதான்."

அந்த வாடகை என் வருமானத்தில் ஏறுமே, எனக்கு வரி வருமா என்று அவன் கேட்கவில்லை. நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். வாடகையில் முப்பது சதவீதம் தள்ளுபடி, பிறகு நான் கட்டிய வட்டி முழுவதும் தள்ளுபடி. அந்த வாடகைக்கு ஒரு பைசா வரி வராது.

"சும்மா ரசீது போட மாட்டேண்ணா. பணம் செக்கா என் அக்கவுண்டுக்கு வரணும். ஒப்பந்தமும் வேணும். ஆடிட்ல கேட்டா ரெண்டு பேருக்கும் வம்பு."

"செக்கு குடுத்துடறேன். அப்புறம் திருப்பிக் குடுத்துடு."

"மொதல்ல ஒரு இருபது ரூபா பத்திரம் வாங்கிட்டு வாங்கண்ணா" என்றேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாளே பத்திரத்தோடு வந்தான். 'என் தங்கை பொன்னிக்குச் சொந்தமான வீட்டில், 1.4.2005 முதல் பதினொரு மாதங்களுக்கு, மாதம் நாலாயிரம் ரூபாய் வாடகைக்கு' என்று நான் சொல்லச் சொல்ல அவன் கையாலேயே எழுதினான். வாடகை ஒப்பந்தம் என்றால் பதினொரு மாதம் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதனால் அவன் விரல் விட்டு எண்ணிப் பார்க்கவில்லை. ஏப்ரலில் தொடங்கிய பதினொரு மாதம் அந்தப் பிப்ரவரியோடு முடிகிறது. எங்கள் ஆபீஸ் ஆட்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்து நாலாயிரத்துக்குச் செக் கொடுத்தான். பணம் கணக்கில் ஏறியதும் ஸ்டாம்ப் ஒட்டி ரசீது கொடுத்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் முதல் தேதி வக்கீல் நோட்டீஸ் போயிற்று. ஒப்பந்தக் காலம் முடிந்தது, முப்பது நாளில் காலி செய்யவும்.

அண்ணன் தலைவர் வீட்டுக்கு ஓடினான். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒப்பந்தத்தின் நகலைத் தலைவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். 'பொன்னிக்குச் சொந்தமான' என்ற இடத்தில் நிறுத்தி அண்ணனைப் பார்த்தார்.

"அது வரிக்காகச் சும்மா எழுதினதுங்க" என்றான்.

"அப்ப கம்பெனிக்கு நீங்க குடுத்தது பொய்க் கணக்காண்ணா? அதையும் எழுதிக் குடுங்க. உங்க மேனேஜர்கிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

வீடு தன்னுடையது என்றால் வேலை போகும். வேலை வேண்டுமென்றால் வீடு என்னுடையது. அது அவனுக்குப் புரிவதை நான் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தேன். தலைவர் காகிதத்தை என் கையிலேயே கொடுத்து, "எழுதிக் குடுத்துட்டியேப்பா, காலி பண்ணிடு" என்றார்.

மார்ச் கடைசியில் சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். அண்ணி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணன் சாவியை நீட்டிக்கொண்டே நின்றான்.

"அந்தப் பணத்தையாவது குடு பொன்னி. வேற வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும்."

"அது வாடகைண்ணா. ரசீது குடுத்திருக்கறேன்."

சாவியை வாங்கிக்கொண்டேன். பாவமாக இல்லையா என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். இல்லை.