எனக்கு மட்டும் தெரிந்த மூன்று

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. காய்கறிக் கடை முதல் நகைக்கடை வரை என் எடைக்கற்களைக் கண்டு முகம் சுளிக்காத கடைக்காரர் கிடையாது. அவர்களில் ஒருவர்கூட என்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்னதில்லை. சொன்னவள் என் கூடப்பிறந்த தங்கை. அதுவும் ஒரு விளையாட்டுக்காக.

விளையாட்டு இதுதான். சனிக்கிழமை மத்தியானம் அவரவர் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து எல்லோரும் ஒரே கதைக்குள் போவோம். தங்கை அதில் வாள் வீராங்கனை. என் மனைவியின் தம்பி நிஜத்தில் லிஃப்ட் மெக்கானிக், கதையில் பூட்டு உடைக்கும் திருடன். என் நண்பர் ஆடிட்டர், எந்தச் சண்டையிலும் பின்வரிசையில் நிற்கும் மந்திரவாதி. கதையை நடத்துவதும், எதிரில் வரும் பூதங்களுக்கும் மற்ற ஆபத்துகளுக்கும் பகடை உருட்டுவதும் நான். இருபது முகப் பகடை; பெரிய எண் விழுந்தால் காரியம் பலிக்கும், சிறியது விழுந்தால் தவறும். திரையில் தட்டினால் உருளும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும், விழுந்த எண் எனக்கு மட்டும் தெரியும். இது ஏமாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு இல்லை. கதவுக்குப் பின்னால் ஆபத்து இருக்கிறதா என்று ஒருவன் தேடுகிறான் என்றால், எண்ணைப் பார்த்ததுமே அவன் ஒழுங்காகத் தேடினானா என்பது தெரிந்துவிடும். அப்புறம் பயமேது, கதையேது?

வினை மச்சான் ரூபத்தில் வந்தது. எந்தப் பூதம் ஓங்கி அடித்தாலும் அவன்மேல் படவில்லை. பாலம் இடிந்தால் அவன் மட்டும் அக்கரையில் நின்றான். தங்கையின் வீராங்கனையோ வாராவாரம் குத்துயிரும் குலையுயிருமாகக் கிடந்தாள். பகடை அப்படி விழுந்தால் நான் என்ன செய்வேன்?

"அண்ணிக்குப் பயந்துக்கிட்டு அவரைக் காப்பாத்தற. ஒத்துக்கோ அண்ணா."

"விழுந்ததைத்தான் சொல்றேன்."

"அப்ப எல்லாருக்கும் தெரியற மாதிரி உருட்டு."

சரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊர்ல இருக்கற தராசுக்கெல்லாம் முத்திரை வைக்கறவன் நான். என் வார்த்தை உனக்குப் போதாதா?"

"போதாது. நீ ஏமாத்துக்காரன்."

ஆடிட்டர் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரே ஆளு இவ்வளவு தடவை தப்பிக்கறது கணக்குல இடிக்குது." ஒன்றும் சொல்லாதவர் சொன்னது இது.

மச்சான் அதைவிட மோசம். "விடுங்க மாமா. பாசத்துல செஞ்சிருப்பீங்க, தேங்க்ஸ்," என்றான். செய்யாத குற்றத்துக்கு வசவு வாங்கலாம். நன்றி வாங்கினால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

கடைசியில் தங்கை தீர்த்துச் சொல்லிவிட்டாள். "அடுத்த சனிக்கிழமை பாப்பேன். அப்பவும் அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் வரமாட்டேன்."

எனக்குத் திக்கென்றது. அப்பா போன பிறகு வந்த சண்டையில் எங்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது. போன் செய்தால் 'நல்லாருக்கியா, நல்லாருக்கேன்' என்பதற்குமேல் இருவருக்கும் வார்த்தை வராது. பூதமும் புதையலும் வந்த பிறகுதான் அவள் மறுபடி என்னிடம் சிரிக்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை போனால் அவளும் போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. வெளிப்படையாகவே உருட்டிவிடலாமா என்று காலையிலிருந்து மனசு அலைபாய்ந்தது. உருட்டினால், இத்தனை நாள் ஏமாற்றினேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? பாழாய்ப்போன ரோஷம். மறைத்தே உருட்டுவது என்று உட்கார்ந்தேன்.

குகைக்குள் ஒரு கல்முதலை திருடனை மூலையில் மடக்கியது. பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் அவன் கதை முடிந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி மடித்த துணிகளை அலமாரியில் வைக்க வந்தாள். "என்னடா, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று மைக் பக்கம் குனிந்து தம்பியைக் கேட்டாள். அவன் சிரித்தான். நான் தட்டினேன்.

மூன்று.

ஒரு பகடைமேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. நாசமாய்ப் போகிற பகடைக்கு ஒரு பத்தொன்பது விழக்கூடாதா? மறைத்து உருட்டியதைப் பிறகு திறந்து காட்டவும் அந்தக் கணினி விளையாட்டில் வழி கிடையாது. அதைச் செய்த ஆளும் என்னைப் போல ரோஷக்காரன் போலிருக்கிறது.

"என்ன அண்ணா, சத்தத்தையே காணோம்? தப்பிச்சிட்டாரா?" தங்கை குரலில் கிண்டல் இல்லை. சலித்துப்போய் எழுந்து போகிறவளின் குரல் அது.

"பதினேழு," என்றேன். "முதலை கவ்விடுச்சு. திருடன் செத்துட்டான்."

மச்சான் அந்தத் திருடனை முதல் வாரத்திலிருந்து வளர்த்து வந்தவன். லிஃப்ட் பழுதுக்குப் போகும் இடத்தில்கூட அவனைப் படம் வரைவான். "பரவால்ல மாமா," என்றான். "பகடைல விழுந்தா என்ன பண்றது."

"இப்ப கணக்கு சரியா வருது," என்றார் ஆடிட்டர்.

"அண்ணா," என்றாள் தங்கை. அவ்வளவு ஆசையாக அவள் என்னைக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "இன்னைக்குத்தான் நீ நேர்மையா ஆடினே. நாளைக்குப் போன் பண்றேன். சும்மா பேசலாம்."

சரி, சரி என்று நாலு தடவை சொன்னேன். சந்தோஷத்தில்தான். அந்தச் சந்தோஷத்தை நினைத்தாலே எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை மாதம் நூல் பிடித்த மாதிரி நேர்மையாக இருந்து கிடைக்காதது ஒரு பொய்யில் கிடைத்துவிட்டதே.

எல்லோரும் போன பிறகு திரும்பினேன். மனைவி துணிகளை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணுதானே விழுந்துச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. தம்பிதான். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, நீ பக்கத்துலதானே நின்னே? நிஜமாவே பதினேழா?"

"ஆமாண்டா," என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "நானே என் கண்ணால பாத்தேன்."